ஆணி அடிக்காத வீட்டில் ஆள் இருப்பது பற்றி

அனுப்புநர்:
கோப்பு எண் 4417-இன் மனுதாரர்
(பெயரும் பிறந்த தேதியும் கோப்பில் உள்ளபடி),
பல் செட் செய்யும் தொழிலாளி,
மாடி வீடு, பஸ் ஓட்டும் அம்மாவின் கட்டடம்,
பஸ் பணிமனைக்கு எதிர்த் தெரு.

பெறுநர்:
நெடுநாள் குடியிருப்புப் பதிவு அலுவலர் அவர்கள்,
குடியிருப்புப் பதிவு அலுவலகம்,
இரண்டாம் தளம், ஏழாம் எண் ஜன்னல்.

பொருள்: நான் குடியிருக்கும் வீட்டில் நான் குடியிருக்கவில்லை என்று கூறி வாடகைப் பதிவை ரத்து செய்தது – மறு ஆய்வு கோருதல் – வீட்டு ஆய்வாளர் மீதும், ஓரளவு என் மீதும் புகார் செய்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகத்தின் ரத்துக் கடிதம், சென்ற மாதம் 26-ஆம் தேதியிட்டது. 2. அத்துடன் இணைக்கப்பட்ட வீட்டு ஆய்வாளரின் ஒரு பக்க அறிக்கை.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

(கடிதத்தின் அடியில் கையெழுத்து மட்டுமே இருந்தது. தாங்கள் அம்மாவாக இருந்தால் 'ஐயா' என்ற இடத்திலெல்லாம் 'அம்மா' என்று படித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.)

1. மனுவை அவரவருக்குத் தெரிந்த மொழியில் எழுதலாம் என்று தங்கள் அலுவலக வாசலில் பதினாறு மொழிகளில் பலகை வைத்திருக்கிறீர்கள். அதில் தமிழ் ஒன்பதாவதாக இருக்கிறது. அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. தங்கள் மொழியை நான் இன்னும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரிதான் பேசுகிறேன். கடைக்காரரிடம் உப்பு கேட்க அது போதும், கோபப்படப் போதாது. எனவே இந்த மனுவைத் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளர் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: நான் மரியாதையாக எழுதியிருக்கும் இடங்களை மரியாதையாகவும், கோபமாக எழுதியிருக்கும் இடங்களை இன்னும் கொஞ்சம் கூடுதல் மரியாதையாகவும் மாற்றித் தரவும்.

2. நான் இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்ப்பது, மெழுகில் பல்லை நிறுத்துவது, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பது ஆகியவை என் வேலை. முதல் ஒன்பது மாதங்கள் உடன் வேலை பார்க்கும் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தேன். கடந்த ஐந்து மாதங்களாக மேற்படி மாடி வீட்டில் இருக்கிறேன். இருக்கிறேன் என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

3. என் மனைவியும் ஆறு வயது மகளும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துக்கொள்ள வேண்டுமானால் எனக்கு நெடுநாள் வாடகை வீடு ஒன்று வேண்டும், அது தங்கள் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது விதி. ஏறியது. அன்று தாங்கள் கொடுத்த பதிவுச் சீட்டை இன்னும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். இரண்டு முறை துவைத்தும் விட்டேன். இப்போது அந்தப் பதிவு ரத்து. இம்மாதம் 30-ஆம் தேதிக்குள் அது திரும்பக் கிடைக்காவிட்டால் குடும்ப வரவழைப்புப் பிரிவில் எங்கள் கோப்பை மூடிவிடுவார்கள். மறுபடி திறக்க ஒரு வருடம் ஆகும் என்று அந்தப் பிரிவின் ஜன்னலில் இருந்தவர் சொன்னார். நான் கிளம்பி வந்த பிறகு என் மகளுக்கு முன்பற்கள் நான்கு விழுந்து, இரண்டு முளைத்தும் விட்டன. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கும் நான் இதைப் போனில்தான் பார்த்தேன். இன்னும் ஒரு வருடம் என்னால் முடியாது ஐயா. மனுவின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் விளக்கம்.

4. முதலில் வீடு கிடைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வீடு கேட்டுப் போனால், இதற்கு முன் குடியிருந்த வீட்டுக்காரரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கி வா என்கிறார்கள். புதிதாக வந்தவனுக்கு முன்வீடு எங்கிருந்து வரும்? முதல் வீடு கிடைக்க இரண்டாவது வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு எனக்குத் தலைகீழாக நின்றாலும் விளங்கவில்லை. பத்தொன்பது வீடுகள் ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் என் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, வீடு நேற்றே போய்விட்டது என்றார்கள். பலகை மட்டும் மறுவாரமும் தொங்கிக்கொண்டிருந்தது. இருபதாவது வீடுதான் இந்த மாடி வீடு. இதன் உரிமையாளர் கீழ்வீட்டில் தனியாக வசிக்கிறார். நகரப் பேருந்து ஓட்டுகிறார். ஐம்பத்தெட்டு வயது. அவரை நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். அந்தச் சொல்லை அவரும் பழகிக்கொண்டார். அவர் தம்முடைய மொழியில் பேசியதை என் காதில் விழுந்தபடி தமிழிலேயே இந்த மனுவில் தருகிறேன்.

5. அக்கா கடிதம் எதுவும் கேட்கவில்லை. பணிச்சீருடையோடு மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எவ்வளவு நாள் இருப்பே?" நான் பவ்வியமாக, "நீங்க காலி பண்ணச் சொல்ற வரைக்கும்" என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் இதைவிட நல்ல பதில் கிடையாது. அக்காவின் முகம் சுருங்கிப்போனது. "நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் ஏன் அப்படிச் சுருங்கினார் என்று எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் புரிந்தது.

6. இனி ஆய்வாளரின் அறிக்கை. அவர் ஒரு வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வந்திருக்கிறார். நான் கூடத்தில் யாருக்கோ கடைவாய்ப் பல் செதுக்கிக்கொண்டிருந்தேன். அக்காதான் கதவு திறந்து விட்டார். ஆய்வாளர் ஒன்பது நிமிடம் இருந்தாராம். பஸ் ஓட்டுகிறவருக்கு நிமிடக் கணக்கு தவறாது. அந்த ஒன்பது நிமிடத்தில் அவர் கண்டவற்றையும் அதற்கு என் பதிலையும் கீழே தருகிறேன்.

(அ) "மெத்தை, நாற்காலிகள், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் பிளாஸ்டிக் உறைகள் பிரிக்கப்படவில்லை." உண்மை. டிவி ரிமோட்டின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை. அக்கா எனக்காகப் புதிதாக வாங்கிப் போட்ட சாமான்கள் அவை. அடுத்தவர் பொருளின் உறையைப் பிரிக்க எனக்கு மனம் வராது. ஐந்து மாதமும் அந்த மெத்தையில்தான் படுத்தேன். புரண்டு படுத்தால் சரசரவென்று சத்தம் கேட்கும், வேர்க்கும், அவ்வளவுதான்.

(ஆ) "வீட்டினுள் காலணிகள் எதுவும் இல்லை." எப்படி இருக்கும் ஐயா? செருப்பை வீட்டுக்குள் கொண்டுபோனால் என் அம்மா என் தோலை உரித்திருப்பார். என் செருப்பும் ஷூவும் கீழே, அக்கா வீட்டு வாசல் பலகையில், இடப்பக்க ஓரம் இருக்கின்றன. ஆய்வாளர் மேலே ஏறும்போது அந்தச் செருப்பு தடுக்கித் தடுமாறினார் என்று அக்கா சொல்கிறார். என் செருப்பில் தடுக்கிவிட்டு எனக்குச் செருப்பே இல்லை என்று எழுதியது கொஞ்சம் அதிகம்.

(இ) "கட்டிய பெட்டி கட்டிலின் கீழ் அப்படியே உள்ளது." உண்மை. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

(ஈ) "சமையலறை பயன்படுத்தப்பட்டதற்கான அறிகுறி இல்லை. அடுப்பின் மீது அலுமினியத் தாள் சுற்றப்பட்டுள்ளது. தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, கரண்டி ஒன்று." மேற்படி சமையலறையில் தினமும் இரண்டு வேளை சமைக்கிறேன். தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கக் கூடாது என்று தாளைச் சுற்றினேன். சமைத்து முடித்ததும் சுவரைத் துடைப்பேன், அடுப்பைத் துடைப்பேன், ஜன்னலைத் திறந்து வைத்து வாசனை போகும்வரை நிற்பேன். சுத்தமாக இருப்பது குற்றம் என்று எனக்குத் தெரியாது. ஆள் ஒருவன் இருக்கும் இடத்தில் கரண்டி எத்தனை இருக்க வேண்டும் என்பதையும் ஆய்வாளர் குறிப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

(உ) "மேசை மீது மனிதத் தாடைகளின் பிளாஸ்டர் அச்சுகள் ஒன்பது. வீடு கிடங்காகப் பயன்படுவதாகக் கருதலாம்." இதைப் படித்தபோதுதான் எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. இந்த நாட்டில் என் தொழிலுக்கு உரிமம் வாங்க வரும் பருவத்தில் செய்முறைத் தேர்வு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தாடைகளில்தான் பழகுகிறேன். கிடங்கு வைக்கிறவன் ஒவ்வொரு தாடைக்கும் கீழே துணி விரித்து வைப்பானா? அதில் ஜன்னல் ஓரத் தாடை அக்காவுடையது. அவருடைய பல் செட் இடப்பக்கம் குத்திக்கொண்டே இருந்தது. அந்த வலியோடு பஸ் ஓட்டியதால், இந்தத் தடத்தின் ஓட்டுநர் சிடுமூஞ்சி என்று பயணிகள் பெயரும் வைத்துவிட்டார்கள். மருத்துவர் சீட்டு வாங்கிவரச் சொல்லி எங்கள் கூடத்தில் வைத்துப் புதிதாகச் செய்து கொடுத்தேன். இப்போது சிரிக்கிறார். பயணிகள்தான் பயந்துபோயிருக்கிறார்களாம்.

(ஊ) "சுவர்களில் ஒரு படமோ, நாட்காட்டியோ, கடிகாரமோ, ஓர் ஆணியோகூட இல்லை." இதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

7. நான் வாடகை வீடுகளில் வளர்ந்தவன். கல்யாணம் வரைக்கும் மொத்தம் பதினொரு வீடுகள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் என்றால் தாங்கள் இங்கே பார்க்கும் வீட்டுக்காரரைப் போல அல்ல. தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வாளியை எண்ணுவார். விருந்தாளி வந்தால் என்றைக்குப் போவார் என்று கேட்பார். எல்லாவற்றையும் விடப் பெரிய குற்றம் சுவரில் ஆணி அடிப்பது. எங்கள் அம்மா நாட்காட்டியை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். அப்பாவின் சட்டைகள் கதவின் மேல் விளிம்பில் கிடந்தன. எனக்கு ஒன்பது வயதில் பேச்சுப் போட்டியில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டு வாங்கி வந்த நான், யாரிடமும் கேட்காமல் அம்மிக் குழவியால் சுவரில் ஓர் ஆணியை அடித்துவிட்டேன். மூன்றாவது அடியிலேயே வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். "வீடு உங்களுதா, எங்களுதா?" என்று அம்மாவைத்தான் கேட்டார். அந்த மாதக் கடைசியில் காலி செய்தோம். கிளம்புமுன் அம்மா அந்த ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் பற்பசையை அப்பி, விரலால் தடவிச் சமமாக்கினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். சான்றிதழ் அதன் பிறகு டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது.

8. இப்படிப்பட்ட என்னிடம், குடிவந்த முதல் நாளே அக்கா ஒரு சுத்தியலையும் ஒரு டப்பா ஆணியையும் சமையல் மேசை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். முன்பு இருந்தவர் மறந்துவிட்டுப் போனது போலிருக்கிறது என்று நினைத்து, சுத்தியலைத் துடைத்து, ஆணிகளை அளவுவாரியாகப் பிரித்து, கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு வாரம் கழித்து அவை மறுபடி மேசை மேல் இருந்தன. மறுபடி கொடுத்தேன். மூன்றாவது முறை மாடிப்படியின் நடுவில் வைத்திருந்தார். என்னைச் சோதிக்கிறார் என்று தோன்றியது. அடிக்கிறேனா பார்க்கிறார், அடித்தால் காலி செய்யச் சொல்வார் என்று பயந்தேன். அந்த முறை சுத்தியலுக்கு எண்ணெயும் போட்டு, நான் ஒன்றும் தொடவில்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்காவது முறை அக்கா கொண்டுவரவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். இவனை எதற்கு இன்னும் கெஞ்ச வேண்டும் என்று அவர் விட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

9. ஆய்வாளரின் அறிக்கையில் கடைசி வரி இது: "'குடியிருக்கிறான் என்று எப்படிச் சொல்வது' என வீட்டு உரிமையாளரே தெரிவித்தார்." தங்கள் கடிதம் வந்த அன்று இந்த வரியைப் படித்தேன். அக்காவா இப்படிச் சொன்னார் என்று மனசு உடைந்துபோனேன். அவர் பணி முடிந்து வரும்வரை மாடிப்படியிலேயே கடிதத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். பிறகு எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து, "அடப் பாவி, முழுசா எழுதலையே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் முழுதாகச் சொன்னது வருமாறு: "அஞ்சு மாசமா இங்கதான் இருக்கான். தங்கமான பையன். ஆனா ரயிலுக்கு நிக்கிறவன் மாதிரி பெட்டியைக் கட்டி வச்சுக்கிட்டு இருக்கான். ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேங்கிறான். இப்படி இருந்தா குடியிருக்கான்னு எப்படிச் சொல்றது? நீங்களாவது அவன்கிட்ட சொல்லுங்க." ஆய்வாளர் தலையையும் வாலையும் விட்டுவிட்டு நடுவில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். என் முதன்மையான புகார் இதுவே. அக்கா அவரிடம் எனக்காகச் சிபாரிசு கேட்டிருக்கிறார். அவர் அதைச் சாட்சியமாக எழுதிக்கொண்டார்.

10. அன்று அக்காவுக்கு வந்த கோபம் ஆய்வாளர் மீது பாதி, என் மீது பாதி. மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உறை கீச்சென்றது. எழுந்து நின்று அந்த உறையை இரண்டு கையாலும் கிழித்தார். "உனக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டேன். நீ என்னடான்னா அதுமேல ஒட்டாம உட்கார்ந்திருக்கே. என் பஸ்ல இப்படித்தான் சில பேர் படியிலயே நிப்பாங்க. ஏறவும் மாட்டாங்க, இறங்கவும் மாட்டாங்க. கதவைச் சாத்த முடியாது, வண்டியை எடுக்க முடியாது. ஏறுறதுன்னா உள்ள ஏறு" என்றார். எனக்கு இந்த நாட்டில் உரிமையோடு திட்ட ஓர் ஆள் இருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். திட்டுகிறோமே என்று அவரும் அழுதார். தங்கள் கடிதம் இப்படித்தான் நனைந்துவிட்டது. அதனால் அதன் நகலையே இணைத்திருக்கிறேன்.

11. இதற்குப் பிறகும் நான் ஆணி அடிக்கவில்லை என்பதை வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஐந்து மாதப் பழக்கம் அல்ல ஐயா, முப்பது வருடப் பழக்கம். சுத்தியலைக் கையில் எடுத்தால் காது கீழ்வீட்டுப் பக்கம் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து மனைவி வீடியோவில் கூப்பிட்டாள். பதிவு ரத்தான செய்தியைக் கேட்டு, ஆய்வாளரின் அறிக்கையை வரிவரியாகப் படிக்கச் சொன்னாள். பிறகு, "வீட்டைச் சுத்திக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். "இத்தனை நாளா அடுப்படியையும் ஜன்னலையும் மட்டும் காட்டி ஏமாத்தியிருக்கீங்க. நீங்க குடியிருக்கீங்களா, காவல் காக்குறீங்களா?" என்று கேட்டாள். அதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

12. என் மகள் இரண்டு மாதங்களுக்கு முன் தபாலில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். இந்த வீட்டைத்தான் வரைந்திருக்கிறாள், பார்க்காமலே. மாடியில் மூன்று பேர், கீழே ஒரு பஸ், பஸ்ஸுக்குள் அக்கா. அக்காவுக்குப் பல் மட்டும் பெரிதாக முப்பத்தெட்டு வரைந்திருக்கிறாள். அப்பா செய்து கொடுத்ததாம். "என் படத்தை எங்கப்பா மாட்டியிருக்கே?" என்று வாராவாரம் கேட்பாள். கட்டிலுக்கு மேலே என்று வாராவாரம் சொல்லிவந்தேன். படம் பெட்டிக்குள் சுருட்டி இருந்தது. அன்று, "இப்பவே காட்டு" என்று பிடிவாதம் பிடித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்தேன். இடது கையால் அதைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, வலது கையால் போனைத் தூக்கி, "இதோ பாரு, மாட்டியாச்சு" என்று காட்டினேன். உற்றுப் பார்த்தாள். "அப்பா, உன் கட்டை விரல் தெரியுதே" என்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டே நிப்பே?" என்று கேட்டாள்.

13. போனை வைத்ததும் கீழே போய் அக்காவிடம் சுத்தியல் கேட்டேன். எடுத்து வந்தார்; ஏணியும் சேர்த்து. தலைமயிர் அகலத்துக்கு மெழுகைச் சீவுகிற கை இது. இருந்தும், முதல் ஆணி வளைந்துவிட்டது. சுவரில் ஒரு பொட்டளவு காரை பெயர்ந்து விழுந்தது. நான் பழக்க தோஷத்தில் பற்பசை எடுக்க ஓடினேன். அக்கா சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். "இது வீடுப்பா. கொஞ்சம் உதிரத்தான் செய்யும்" என்றார். இரண்டாவது ஆணிக்குக் கீழே நின்று, பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்வது போல, "வா, வா, இடது, இன்னும் கொஞ்சம், நில்லு" என்று கைகாட்டினார். அடித்தேன். மூன்றாவது அடியில் நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டேன். யாரும் மேலே வரவில்லை. வர வேண்டியவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

14. தற்போதைய நிலவரம்: மெத்தை, நாற்காலி, குளிர்சாதனப் பெட்டி உறைகள் அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டன. ரிமோட்டின் உறை மட்டும் இருக்கிறது. அதற்கு இன்னும் மனம் வரவில்லை. பெட்டி காலி செய்யப்பட்டு அலமாரி மேல் ஏறிவிட்டது. தட்டு மூன்று, டம்ளர் மூன்று, கரண்டி மூன்று வாங்கியாகிவிட்டது; அக்கா சாப்பிட வருவதால் நான்காவதும் வாங்குவதாக உத்தேசம். அடுப்படிச் சுவரில் எண்ணெய்க் கறை ஒன்று, சிறியது, வேண்டுமென்றே துடைக்காமல் விடப்பட்டிருக்கிறது. மகளின் படம் கட்டிலுக்கு மேலே மாட்டப்பட்டுள்ளது. விரல் தெரியாது.

15. எனவே தங்களிடம் நான் வேண்டுவது: மேற்படி வீட்டை மறுபடி ஆய்வு செய்ய உத்தரவிட வேண்டும். இம்முறை நான் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தால் நல்லது. ஞாயிறு என்றால் அக்காவும் இருப்பார். பதிவை முதலில் ஏறிய தேதியிலிருந்தே செல்லும்படி திருப்பித் தந்து, 30-ஆம் தேதிக்கு முன் குடும்ப வரவழைப்புப் பிரிவுக்கு ஒரு வரி எழுதிவிட வேண்டும். எங்களைப் போன்றவர்கள் குடியிருக்கும் வீடுகளுக்குப் போகும் ஆய்வாளர்கள் செருப்பை வாசலில் தேடும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் புண்ணியமாகப் போகும். ஆய்வாளர் மீது கடும் நடவடிக்கை எதுவும் வேண்டாம். அவர் எழுதியதில் நான் இல்லை என்பது மட்டும்தான் பொய். மற்றவை கண்ணால் கண்டவை. அவர் வராமலிருந்தால் நான் இன்றைக்கும் அந்த மெத்தையில் சரசரத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். அவரையே மறுபடி அனுப்பினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. உறை போடாத நாற்காலி தருவேன்.

16. என் மீதான புகாரையும் பதிவு செய்துகொள்ளவும். இடம் கொடுத்தவரை ஐந்து மாதம் வீட்டுக்காரராகவே பார்த்துவந்தேன். அது என் குற்றம்தான். அதற்குரிய தண்டனையை அக்கா ஏற்கெனவே கொடுத்துவிட்டார்: வாராவாரம் அவருடைய ஜன்னல்களை நான்தான் துடைக்க வேண்டும்.

17. கடைசியாக ஒன்று. மறு ஆய்வுக்கு வருபவர் கதவுக்குப் பின்னால், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், இன்னோர் ஆணி இருப்பதைக் காண்பார். அதை அடிக்க அக்கா சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. ஒரு மதியம் நானாகவே அடித்தேன்; முதல் முறையிலேயே நேராக இறங்கியது. என் மகளின் கைக்கு எட்டும் உயரம் எவ்வளவு என்று மனைவியிடம் போனில் கேட்டு, அவள் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்து சொன்ன உயரம் அது. பள்ளிக்கூடப் பை மாட்ட. அந்த ஆணியில் எதுவும் தொங்கவில்லை என்று ஆய்வாளர் எழுதிக்கொள்ளலாம். அவர் அறிக்கையில் அந்த ஒரு வரியை நான் மறுக்க மாட்டேன். அது எத்தனை நாளைக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பது இப்போது தங்கள் கையில் இருக்கிறது ஐயா.

இணைப்பு:
1. தங்கள் ரத்துக் கடிதத்தின் நகல்.
2. ஆய்வாளரின் அறிக்கை நகல்.
3. வீட்டு உரிமையாளர் தாம் சொன்னதை முழுதாகத் தம் கைப்பட எழுதிய கடிதம், இரண்டு பக்கம்.
4. வளைந்த ஆணி, ஒன்று. திருப்பித் தர வேண்டியதில்லை.

நாள்: பதினான்காம் தேதி, வேலைக்குக் கிளம்பும் முன்.
இடம்: எங்கள் வீடு.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
கோப்பு எண் 4417,
மாடியில் குடியிருப்பவன்.